இடிக்குமுன் ஒரு சொல்



சித்தூரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு ஒன்று உண்டு. செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து, நடுவே முற்றம். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய தளம். கொத்தனார்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போனபோது, அதை இடித்துவிட என் தமையனார் முடிவு செய்திருந்தார். "ஒரே புழுக்கமடா! கான்கிரீட் வீடு கட்டி ஏ.சி. வைத்துக்கொள்வோம்" என்றார்.

புழுக்கம் உண்மைதான். ஆனால் அது யாரால் வந்தது? திருட்டுக்குப் பயந்து முற்றத்தின்மேல் தகரம் போட்டவர்கள் நாங்களே. சாளரத்தை அடைத்துப் பீரோ வைத்தவர்களும் நாங்களே. வெப்பக் காற்று மேலேறிப் போகும் வழியை மூடிவிட்டு, வீட்டின்மேல் பழி போடுவது நியாயமா?

திருப்பதியில் நான் குடியிருப்பது கான்கிரீட் வீட்டின் மாடியறை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் இரவு பத்து மணிக்கும் அனல் வீசுகிறது. அருகிலுள்ள சந்திரகிரிக்குச் சென்று ராஜமகாலைப் பாருங்கள். மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய விஜயநகரக் காலத்து மாளிகை அது. பருத்த சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வர நேரமாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதிடவில்லை. தளம் ஒழுகும், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. உத்தரம் உளுத்து, சுவர் பிளந்த வீட்டை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் உறுதியாக நிற்கும் சுவரை ஏன் இடிக்க வேண்டும்? சிமெண்டு செய்யச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு எரிக்கும் கரியின் கணக்கு நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் வருவதில்லை. அதனால் அது செலவில்லை என்று ஆகிவிடுமா?

தமையனாரிடம் ஓராண்டுத் தவணை கேட்டேன். தகரத்தை எடுத்துவிட்டுக் கம்பி வலை பொருத்தினோம். பீரோவை நகர்த்திச் சாளரத்தைத் திறந்தோம். தளத்தின் விரிசல்களை அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். 60 வாட் குண்டு பல்புகள் இருந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் வந்தன. 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி சுழல்கிறது. அன்றிரவே அண்ணி கூடத்தில் பாய் விரித்துவிட்டார்! தமையனார் மட்டும், "மழை வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். அவர் கேட்பதும் நியாயமே.

சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும் இத்தகைய வீடுகள் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்றதும், இடிக்கும் பேச்சு எழுவதற்குள் ஒருமுறை தளத்தின்மேல் ஏறிப் பாருங்கள். எதை அடைத்தோம், எதைத் திறக்கலாம் என்று பெரியவர்களோடு கலந்து பேசுங்கள். படித்தவர்கள் செய்யத்தக்க வேலை இது அன்றோ?