நாற்சந்தியில் ஒரு பாட்டு

ஹைதராபாத் இசைக்குழு ஒன்றின் பெயர் சௌரஸ்தா. நாற்சந்தி என்று பொருள். தெலுங்கு நாட்டுப்புற மெட்டையும் மேற்கத்திய தாளத்தையும் கலந்து, சினிமாவின் தயவில்லாமல் பெயர் வாங்கிய குழு. 'மாயா', 'ஊரெல்லிபோத்தா மாமா' ஆகிய பாடல்கள் இரண்டு தெலுங்கு மாநிலங்களிலும் பரவின. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, கை குலுக்காமல் கும்பிடு போடச் சொல்லி இவர்கள் பாடிய பாட்டு கைபேசி கைபேசியாகப் பயணம் செய்தது. அதே ஆண்டில் குழுவின் முக்கியப் பாடகர் ராம் மிரியாலா விலகினார்.

பிரிவின் காரணத்தைக் கிளறுவது வம்பு. பிறகு வந்த பாட்டுகளைப் பார்த்தால் போதும். 2021இல் 'ஜாதி ரத்னாலு' படத்தில் ராதனின் இசையில் ராம் பாடிய 'சிட்டி' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2022இல் 'டிஜே டில்லு' படத்தின் டில்லு பாட்டை அவரே மெட்டமைத்துப் பாடினார். 2023இல் 'பலகம்' படத்தின் கிராமத்துப் பாட்டிலும் அவர் குரல் இருந்தது. குழுவில் கேட்ட அதே மண்வாசனைக் குரல்தான். ஆனால் இப்போது அது ஒற்றை மனிதரின் பெயரில் ஒலித்தது.

இசைக்குழுக்களில் பிளவு வரும்போதெல்லாம் வெளியே சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: 'இசையின் திசை பற்றிய கருத்து வேறுபாடு'. ஒருவருக்கு நாட்டுப்புறம் வேண்டும், மற்றவருக்கு ராக். ஒருவருக்கு வார்த்தை வேண்டும், மற்றவருக்கு வெறும் வாத்தியம் போதும். இதில் பொய் இல்லை. ஆனால் இது பாதி உண்மைதான். திசையைப் பற்றிய சண்டைக்கு அடியில் பெரும்பாலும் இன்னொரு கேள்வி கிடக்கிறது. பாட்டு யாருடையது?

ஹைதராபாத்தில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது. காரணம், தெலுங்கு சினிமா. சென்னையில் வேர்விட்டிருந்த அந்தத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து ஹைதராபாத்தில் நிலைகொண்டது. 1970களின் மத்தியில் அக்கினேனி நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டூடியோ, 1996இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்று அதன் தடங்களை எண்ணலாம். இன்று அங்கே ஒரு குழு பிரபலமானால் சினிமாவின் கதவு தூரத்தில் இல்லை. ஆனால் அந்தக் கதவு அகலம் குறைந்தது. உள்ளே போக ஒரு பாடகருக்கோ ஒரு இசையமைப்பாளருக்கோதான் இடம். டிரம்ஸ் வாசிப்பவரையும் பேஸ் கிதார்காரரையும் சேர்த்து அழைக்கும் தயாரிப்பாளர் அபூர்வம். குழுவில் சமமாக இருந்தவர்கள், வெளியிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பில் சமமில்லாமல் ஆகிவிடுகிறார்கள்.

சினிமாவுக்கு உள்ளேயே இருந்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ராஜ் - கோட்டி என்ற இரட்டையர் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் தெலுங்குத் திரையிசையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ராஜ், இசையமைப்பாளர் டி.வி. ராஜுவின் மகன். கோட்டி, சாலூரி ராஜேஸ்வர ராவின் மகன். ஏ.ஆர். ரஹ்மான் திலீப்பாக இருந்த காலத்தில் கீபோர்டு வாசித்த இடங்களில் இவர்களுடைய ஒலிப்பதிவுகளும் உண்டு. 1994இல் 'ஹலோ பிரதர்' பாடல்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி இருவரும் பிரிந்தார்கள். பெயர் நடுவிலிருந்த சிறு கோட்டோடு துண்டாயிற்று. கோட்டி தனியாக வெகுகாலம் நின்றார். 'நுவ்வே காவாலி', 'நுவ்வு நாக்கு நச்சாவ்' எல்லாம் அவர் பெயரில் வந்த வெற்றிகள். ராஜுக்குப் படங்கள் குறைந்தன. 2023 மே மாதம் அவர் ஹைதராபாத்தில் காலமானார். பழைய பாட்டு ஒன்றைக் கேட்கும்போது எந்த வரி யாருடைய மெட்டு என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள். இருவர் உட்கார்ந்து ஆர்மோனியத்தில் தேடிக் கண்ட மெட்டைக் கத்தரித்துப் பங்கு போட முடியாது.

உலகப் புகழ்பெற்ற குழுக்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. 1971இல் ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் ஐந்து பேர், ஐந்து நாட்டுக்காரர்கள். முதல் இரண்டு ஆல்பங்களிலும் உருப்படிகள் அவர் பெயரில்தான் வந்தன. வாசிப்பில் உருவாவது எங்களுடையதும்தானே என்ற முணுமுணுப்பு மற்றவர்களிடம் எழுந்தது. 1973இல் லண்டனில் மூன்றாவது ஆல்பத்துக்கான பதிவு நடந்தது. அதில் மற்றவர்களின் உருப்படிகளும் இருந்தன. ஆனால் அந்தப் பதிவு அப்போது வெளிவரவில்லை. ஆண்டு முடிவதற்குள் அந்த ஐவர் குழுவின் கதையும் முடிந்தது. நாடாக்கள் கால் நூற்றாண்டு கழித்து, 1999இல்தான் வெளிச்சம் கண்டன.

அதே மக்லாஃப்லின் 1970களில் 'சக்தி'யைத் தொடங்கினார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம். மின்சார கிதாரின் முழக்கத்தை விட்டுத் தந்தியின் இயல்பான ஒலிக்குத் திரும்பிய குழு. இதில் பல உருப்படிகளுக்கு மக்லாஃப்லின், சங்கர் இருவர் பெயரும் இடப்பட்டன. 1978இல் இந்தக் குழுவும் கலைந்தது. ஆனால் உறவு முறியவில்லை. 1997க்குப் பிறகு புதிய கலைஞர்களோடு மீண்டும் கூடினார்கள். தந்தையின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார். 2023இல் வந்த ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. முதல் அனுபவம் மக்லாஃப்லினுக்கு எதையோ கற்றுக் கொடுத்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் தில்லியின் இந்தியன் ஓஷன். 1990இல் கிதார் கலைஞர் சுஸ்மித் சென்னும் தபலா வாசித்துக்கொண்டே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கினார்கள். பிறகு ராகுல் ராமும் அமித் கிலாமும் சேர்ந்தார்கள். கிதார் முன்னே நடக்க வாத்தியங்கள் பின்தொடரும் இசையாகத் தொடங்கியது. 2000இல் 'கந்தீசா' வந்தபோது பாட்டுக்குச் சம இடம் கிடைத்திருந்தது. இது சின்ன மாற்றமல்ல. முன்வரிசையில் இருந்த கிதார், பாடுபவரோடு மேடையைப் பங்கிட வேண்டியிருந்தது. ஆனாலும் குழு தாக்குப்பிடித்தது. 'பிளாக் ஃபிரைடே' படத்துக்கு இசையமைத்தபோதும் பெயர்ப்பலகையில் தனி மனிதர் எவருமில்லை. இசை: இந்தியன் ஓஷன், அவ்வளவுதான்.

சோதனை பிறகு வந்தது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் மாரடைப்பில் காலமானார். ஒருவர் செய்த வேலைக்கு இருவர் வேண்டியிருந்தது. பாட ஹிமான்ஷு ஜோஷி, தாளத்துக்கு துஹீன் சக்ரவர்த்தி. அடுத்த ஆண்டு, தாங்கள் ஒத்திகை பார்த்த கரோல்பாக் வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி ஒரு ஆல்பத்தை வெளியிட்டு, மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2013இல் தொடக்கியவரே போனார். சுஸ்மித் சென் தன் சொந்த இசையைத் தேடி விலகினார். இருபத்து மூன்று ஆண்டு உறவு. அவர் இடத்தில் நிகில் ராவ் வந்தார். 2014இல் வந்த 'தாண்டனு'வில் சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் குமரேஷ் என்று விருந்தாளிகளை அழைத்துக்கொண்டார்கள். 2015இல் 'மசான்' படத்தின் இசையிலும் அதே குழுப் பெயர்தான் இருந்தது. பழைய ரசிகர்களில் பலருக்குச் சுஸ்மித் இல்லாத இந்தியன் ஓஷன் பாதி ஓஷன்தான். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூலவர் இருவரும் இல்லாமலும் குழு நின்றதற்குக் காரணம், பாட்டைத் தொடக்கத்திலிருந்தே பொதுச் சொத்தாக வைத்திருந்ததுதான்.

பொதுச் சொத்து என்றால் சட்டமும் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்ற ஒன்றை அங்கீகரிக்கிறது. ஒருவர் பங்கு இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தால் அது இருவருடையது. 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாத்தது. வாசிப்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் கலைஞர் என்ற முறையில் தனி உரிமைகள் உண்டு. ஆனால் ஒத்திகை அறையில் டிரம்ஸ்காரர் தற்செயலாகப் போட்ட ஒரு தாளக்கட்டு பாட்டின் உயிராகிவிட்டால், அவர் இசையமைப்பாளரா, வெறும் வாசிப்பாளரா? இதைச் சட்டப் புத்தகம் தானாக முன்வந்து சொல்லாது. குழுதான் சொல்ல வேண்டும். அதுவும் காகிதத்தில்.

இங்கேதான் நம் குழுக்கள் சறுக்குகின்றன. நண்பர்களுக்குள் பத்திரமா என்று கூச்சப்படுகிறார்கள். கல்லூரி மொட்டைமாடியில் தொடங்கிய நட்பில் கணக்குப் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்ற பயம். முதல் வருமானம் வரும் வரை இந்தப் பெருந்தன்மை அழகாகவே இருக்கிறது. வந்த பிறகு, பெயர் யாருக்கு, பழைய பாட்டை விலகியவர் மேடையில் பாடலாமா, புதிதாக வந்தவருக்குப் பழைய பாட்டில் பங்கு உண்டா என்று ஒவ்வொன்றாக முளைக்கின்றன. அப்போது பேச உட்காருபவர்கள் நண்பர்களாக உட்காருவதில்லை. உள்ளே இருப்பது பங்குச் சண்டை என்று சொல்ல வெட்கப்பட்டு, இசையின் திசை சரியில்லை என்று வெளியே சொல்கிறார்கள்.

திசை பற்றிய சண்டை குழுவுக்குக் கெடுதல் இல்லை. அது இல்லாத குழு தன் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். கிதார்காரருக்கும் பாடகருக்கும் இழுபறி இருந்தால்தான் புதியது பிறக்கும். கூட்டுக் குடும்பத்தில் சமையல் பற்றிய சச்சரவால் வீடு இடிவதில்லை. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வி சமையலறைக்குள் நுழையும்போதுதான் இடிகிறது. முதலில் பத்திரத்தை எழுதிவிட்டவர்கள், பிறகு ராகத்தைப் பற்றி விடிய விடியச் சண்டை போடலாம்.

ஹைதராபாத்தில் இன்று மாலையும் எங்கோ ஒரு வாடகை அறையில் நாலைந்து இளைஞர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு ஒருநாள் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். வந்தால் அவர் போகட்டும். அது குற்றமல்ல. போகிறவர் எதை எடுத்துக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், நாற்சந்தியில் பிரிகிறவர்கள் கைகாட்டிவிட்டுப் பிரியலாம்.