பத்துப் பத்தாய்ப் பகுத்தல்

பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் வெட்டு 45 முதல் 60 நாள்களுக்கு ஒருமுறை நடைபெறும். முற்றிய காய்க்காக அன்றாடம் மரமேற யாரும் ஆள் அழைப்பதில்லை. வெட்டுகிறவர் மரம் மரமாகச் செல்ல, பொறுக்குகிறவர்கள் காய்களைக் குவிக்க, மட்டை உரிப்பவர் ஓரிடத்தில் பாரையை ஊன்றி உரித்துத் தள்ளுகிறார். ஒத்த வேலைகளை ஒருசேரச் செய்தால் காலம் மிஞ்சும் என்னும் மேலாண்மைப் பாடத்திற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கும் இதே அறிவுரைதான் வழங்கப்படுகிறது: முதல் வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு இரண்டாம் வினாவுக்குச் செல்லுங்கள். ஒரே அளவுகோல் மனத்தில் நிற்பதால் விரைவும் நடுநிலையும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், உரிப்பவருக்கு முதற்காயும் நூறாவது காயும் ஒன்றே, மாணவர்கள் அப்படியல்லர். கண் சலித்த நிலையில், புதிதாய் ஒன்றைச் சொல்லும் மாணவியின் விடையும் முன்பே நாற்பது முறை படித்ததாகத் தோன்றிவிடுகிறது. நாம் மிச்சம் பிடித்த காலத்திற்கு அவள் மதிப்பெண்ணால் விலை கொடுக்கிறாள்.

இச்சிக்கலை எண்ணும்போது நம் தொகை நூல்கள் நினைவுக்கு வருகின்றன. ஐங்குறுநூறு திணைக்கு நூறு பாடல்கள் என ஒத்தவற்றை ஒருங்கே அடுக்குகிறது; ஆயினும் ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பத்தும் தனிப்பெயர் பெறுகிறது. அகநானூறோ வேறு வழியில் செல்கிறது. அதன் 400 பாடல்களில் 200 பாலைத்திணைக்குரியவை. அவற்றை ஒருசேரக் குவித்திருந்தால் எத்தகைய வாசகனும் பாதி வழியில் களைத்திருப்பான். அந்நூலில் ஒற்றைப்படை எண்களெல்லாம் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 எனப் பத்தின் மடங்குகள் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணை விளங்கும். படிப்பவனுக்கோ ஒவ்வொரு பாட்டிலும் நிலம் மாறும். தொகுத்தவர் கருதியது எதுவாயினும், தேடுவோனுக்குக் காலம் மிஞ்சுகிறது; வாசிப்போனுக்குச் சுவை குன்றுவதில்லை.

கைவேலையை எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கலாம். தாள்களை அடுக்குவதும், மதிப்பெண் கூட்டுவதும், பட்டியலில் ஏற்றுவதும் அத்தகையவை. மதிப்பிடும் வேலைக்கு மட்டும் ஐங்குறுநூற்றின் அளவே பொருந்தும் என்பது என் கருத்து. பத்துத் தாள்களில் ஒரு வினாவை முடித்துவிட்டு, அடுத்த வினாவுக்கு மாறிவிட வேண்டும். அளவுகோலும் நிற்கும், கண்ணும் விழித்திருக்கும். இதனால் ஒரு மணி நேரம் கூடுமாயின், கூடட்டும். அது அந்த மாணவிக்கு நாம் தர வேண்டிய நேரம்தான்.