விஆர் ஹெட்செட் வாங்கலாமா, பொறுக்கலாமா? கடத்தூரில் இருந்து ஒரு கணக்கு

தருமபுரி மாவட்டம் கடத்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் ஐடி வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தே வேலை. கேமிங் என்றால் உயிர். ஷாப்பிங் ஆப்பில் ஒரு விஆர் ஹெட்செட் ஒரு மாதமாகக் கார்ட்டில் கிடக்கிறது. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று பச்சை எழுத்தில் கண்ணடிக்கிறது. "ஒரு தடவை போட்டுப் பாரு மச்சான், அப்புறம் டிவி பக்கமே போக மாட்டே" என்கிறார் நண்பர். "அந்தக் காசுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாமே கண்ணு" என்கிறார் அம்மா.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், முடிவெடுக்க இரண்டுமே போதாது. பொருள் நன்றாக இருக்கிறதா என்பது முதல் கேள்விதான். அது கடத்தூர் மாதிரி ஊரில் பழுதானால் யார் பொறுப்பு, இரண்டு மாதம் கழித்தும் அதைத் தலையில் மாட்டுவோமா, அதைச் செய்த கம்பெனி அதுவரை அதைக் கைவிடாமல் இருக்குமா என்ற மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன. கேமிங்குக்கு விஆர் வாங்க நினைப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

எதை வாங்குகிறோம்?

'விஆர்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கின்றன.

முதல் வகை, போனைச் செருகிப் பார்க்கும் பெட்டி. கூகுள் 2014-ல் அட்டையில் செய்து காட்டிய 'கார்ட்போர்ட்' இந்த ரகம். 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோ 1,299 ரூபாய்க்குக் கொண்டுவந்த 'ஜியோடைவ்' பெட்டியும் இதே ரகம்தான். இதில் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் ஓர் அடி முன்னால் வைத்தால் காட்சி நகராது, குனிந்தால் குனியாது, உங்கள் கைகளும் உள்ளே வராது. 360 டிகிரி வீடியோ பார்க்க ஓகே. கேம் ஆட இது ஆகாது. இதைப் போட்டுப் பார்த்துவிட்டு "விஆர் அவ்ளோதானா?" என்று ஒதுக்கியவர்கள் உண்மையான விஆரை இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது வகை, தனியாகவே இயங்கும் ஹெட்செட். பிராசசர், பேட்டரி, கேமரா எல்லாம் உள்ளேயே இருக்கும். மெட்டா நிறுவனத்தின் க்வெஸ்ட் 3, க்வெஸ்ட் 3எஸ் போன்றவை இதில் வரும். நீங்கள் நடந்தால் கேமுக்குள்ளும் நடப்பீர்கள். கையை வீசினால் வாள் வீசும். கம்ப்யூட்டர் தேவையில்லை.

மூன்றாவது வகை, இன்னொரு இயந்திரத்தோடு சேர்ந்து இயங்குவது. சோனியின் பிஎஸ் விஆர்2 ஹெட்செட் முக்கியமாக பிளேஸ்டேஷன் 5-ஓடு சேர்த்து ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' போன்ற பெரிய கேம்களை ஆட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். காட்சித் தரம் அருமையாக இருக்கும். செலவு இரட்டிப்பாகும்.

விலைச் சீட்டில் இல்லாத விலை

க்வெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியானபோது தொடக்க விலை 299.99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 25,000 ரூபாய். "இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் அது அங்கே கடையில் இருக்கும் விலை. வெளிநாட்டில் இருந்து எடுத்து வந்து விற்பவரிடம் வாங்கினால் இறக்குமதி வரி, ஜிஎஸ்டி, போக்குவரத்து, அவருடைய லாபம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

பிஎஸ் விஆர்2 இந்தியாவுக்கு 2023 டிசம்பரில் வந்தபோது விலை ஏறத்தாழ 58,000 ரூபாய். பிளேஸ்டேஷன் 5 கன்சோல் இல்லாதவர் அதற்கு இன்னொரு 55,000 ரூபாய் அளவுக்கு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதாவது ஒரு லட்சத்தைத் தாண்டும். விலைகள் அவ்வப்போது ஏறி இறங்கும். ஆனால் 'ஹெட்செட் மட்டும்' என்று பார்த்து ஏமாறக் கூடாது என்பது எப்போதும் பொருந்தும்.

இதற்கு மேல் கேம்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கண்ணாடி போடுபவர் பவருக்கு ஏற்ற லென்ஸ் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கலாம். தலைப்பட்டை வசதியாக இல்லை என்றால் வேறு பட்டை. 'நோ காஸ்ட்' இஎம்ஐ-யிலும் பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் பில்லில் வந்து நிற்கும்.

ஒரு எளிய கணக்கு போடலாம். எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். வாரம் 5 மணி நேரம் ஆடினால் ஒரு வருடத்தில் 260 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 135 ரூபாய். சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மோசமில்லை. முதல் மாதம் 20 மணி நேரம் ஆடிவிட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டால்? மணிக்கு 1,750 ரூபாய். பொருள் அதேதான். பழக்கம்தான் விலையை முடிவு செய்கிறது.

உடம்பு ஒத்துக்கொள்ளுமா?

பழக்கம் ஏன் விட்டுப்போகிறது என்பதற்குப் பெரிய காரணம் உடம்பு. கேமில் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று கண் சொல்கிறது. "இல்லையே, சும்மாதானே நிற்கிறோம்" என்கிறது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு. இரண்டும் முரண்படும்போது தலைசுற்றலும் குமட்டலும் வரும். மலைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது வருமே, அதன் தலைகீழ் வடிவம். சிலருக்குச் சில நாளில் பழகிவிடும். சிலருக்குப் பழகவே பழகாது. நீங்கள் எந்த ரகம் என்பதை எந்த யூடியூப் ரிவ்யூவும் சொல்லாது.

எடையும் இருக்கிறது. க்வெஸ்ட் 3 ஏறத்தாழ 515 கிராம். பாலக்கோடு தக்காளி அரைக் கிலோவை முகத்தில் கட்டிக்கொண்டு குதிப்பது மாதிரி. தருமபுரி ஏப்ரல், மே வெயிலில் பத்து நிமிடத்தில் முகம் நனைந்துவிடும். இந்த ஹெட்செட்டுகளின் பேட்டரி இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பலருக்கு அதற்கு முன்பே கழுத்து "போதும்" என்று சொல்லிவிடும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சோனி 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம் என்கிறது. மெட்டா 13 என்று வைத்திருந்த வயதை, பெற்றோர் கண்காணிக்கும் கணக்கு என்ற நிபந்தனையோடு 2023-ல் 10 ஆகக் குறைத்தது.

வீடு ஒத்துக்கொள்ளுமா?

நடந்து ஆடும் கேம்களுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறது மெட்டா. சுமார் ஆறரை அடிக்கு ஆறரை அடி. கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு போக அவ்வளவு இடம் எத்தனை வீட்டில் இருக்கும்? நம் வீடுகளில் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் வேறு. கையை உயரே வீசும் கேமில் அது விளையாட்டு இல்லை.

"மொட்டை மாடி இருக்கே!" என்று தோன்றும். பகலில் வேண்டவே வேண்டாம். ஹெட்செட்டின் லென்ஸ் பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். நேரடி வெயில் அதன் வழியே உள்ளே விழுந்தால் திரையில் புள்ளி புள்ளியாகக் கருகிவிடும். ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைத்தாலே இது நடக்கும். வாரன்ட்டியைக் காட்டி மாற்றிக் கேட்க முடியாத சேதம் இது.

பழுதானால் யாரைக் கேட்பது?

செல்போன் பழுதானால் கடத்தூரிலேயே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தருமபுரி, சேலம். விஆர் ஹெட்செட்டை அப்படி டேபிளில் பிரித்துப் பார்க்க முடியாது. க்வெஸ்ட் 3 2023 அக்டோபரில் வெளியானபோது, அது அதிகாரபூர்வமாக விற்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கே கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தனி வியாபாரிகள் இறக்குமதி செய்தவை. அப்படி வரும் பொருளில் 'வாரன்ட்டி' என்று எழுதியிருந்தால் அது கம்பெனி கொடுப்பதா, கடைக்காரர் வாயால் சொல்வதா என்று பார்க்க வேண்டும். "இந்தியாவில் சர்வீஸ் உண்டா, யார் செய்வார்கள்?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பில் இல்லாமல் 2,000 ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அதற்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு துண்டுச் சீட்டுதான்.

கம்பெனி கைவிட்டால்?

பொருள் பழுதாகாமலேயே செத்துப்போவதும் உண்டு. விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற பெயரில் 2017 முதல் பல கம்பெனிகள் ஹெட்செட் விற்றன. அதை நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பில் அந்த வசதியையே நீக்கியது. அந்தப் புதுப்பிப்பை ஏற்றிய கம்ப்யூட்டர்களில் நன்றாக இருந்த ஹெட்செட்டுகள் வேலை செய்யாமல் போயின.

கேம்களுக்கும் இதே கதி வரும். பலர் விரும்பி ஆடிய 'எக்கோ விஆர்' ஆன்லைன் கேமை 2023 ஆகஸ்ட் 1 அன்று மூடினார்கள். அதை உருவாக்கிய ஸ்டுடியோவையே மெட்டா அடுத்த ஆண்டு மூடியது. விஆரைக் கவனிக்கும் மெட்டாவின் பிரிவு 2024-ல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அந்தக் கம்பெனி அதைத் தாங்கும். ஆனால் நஷ்டத்தில் ஓடும் ஒரு பிரிவு தன் திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதை, இஎம்ஐ கட்டுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. மறுபக்கத்துக்கும் வலு இருக்கிறது. பெங்களூரு, சென்னைக்காரர்களுக்கு மாலில் கேம் சோன் இருக்கிறது. கடத்தூரில் அது கிடையாது. பொழுதுபோக்கு குறைவாக உள்ள ஊரில்தான் இப்படி ஒரு பொருள் அதிகம் பயன்படும் என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கஷ்டம். 'பீட் சேபர்' போன்ற தாளத்துக்கு ஏற்ப வெட்டும் கேம் வியர்க்க வைக்கும் நல்ல உடற்பயிற்சி. ஓசூரிலும் துபாயிலும் இருக்கும் நண்பர்கள் ஒரே மைதானத்தில் நிற்பது போன்ற உணர்வை வீடியோ காலால் தர முடியாது. யூனிட்டி, அன்ரியல் கற்றுக்கொண்டு விஆர் கேம் செய்ய நினைப்பவருக்கு அது பொம்மையே அல்ல, தொழில் கருவி. ஐஐடி மெட்ராஸில் இந்தத் துறைக்கென்றே எக்ஸ்டிஐசி என்ற மையம் இயங்குகிறது.

ஆனாலும் சின்ன ஊரில் வாங்குபவர்தான் பெரிய ரிஸ்க்கும் எடுக்கிறார். போட்டுப் பார்க்கக் கடை இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, வேண்டாம் என்றால் நல்ல விலைக்குத் திருப்பி விற்கவும் வழி குறைவு. அதனால் அவர் மற்றவர்களைவிடக் கறாராக இருப்பதுதான் நியாயம்.

மூன்று 'ஆமாம்' வேண்டும்

ஒன்று: குறைந்தது அரை மணி நேரமாவது போட்டு ஆடிப் பார்த்தீர்களா? திங்கட்கிழமை பெங்களூரு திரும்பும்போது ஆபீஸ் நண்பரிடமோ, மால் கேம் சோனிலோ முயலுங்கள். நின்ற இடத்தில் ஆடும் கேம் ஒன்று, ஓடித் திரியும் கேம் ஒன்று என இரண்டையும் பாருங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். தலை சுற்றினால் பல ஆயிரம் மிச்சம்.

இரண்டு: திரும்பத் திரும்ப ஆடுவோம் என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு கேம்களின் பெயரைச் சொல்ல முடிகிறதா? "எல்லாமே சூப்பரா இருக்கும்" என்பது பதில் ஆகாது.

மூன்று: பில், இந்திய வாரன்ட்டி, திருப்பி அனுப்பும் வசதி மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தயங்காமல் வாங்கலாம். முதல் ஹெட்செட்டாக, தனியாக இயங்கும் வகையில் விலை குறைந்த மாடலே போதும். பிளேஸ்டேஷன் 5 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் பிஎஸ் விஆர்2 பற்றி யோசிக்கலாம். இஎம்ஐ இல்லாமல் சேர்த்த காசில் வாங்கினால் இன்னும் நல்லது. கம்பெனி கைவிட்டாலும் கடன் மிச்சம் இருக்காது.

ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கார்ட்டில் இருப்பதை அங்கேயே விடுங்கள். இந்தத் துறையில் காத்திருப்பவருக்கு நஷ்டம் குறைவு. 2023-ல் 549.99 டாலருக்கு வந்த பிஎஸ் விஆர்2, இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் 399.99 டாலர் ஆனது. நண்பருக்கு "அடுத்த வாரம் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் போடுங்கள். ஃபிரிட்ஜ் பற்றி அம்மா கேட்டால், அந்தப் பேச்சையும் அதற்குள் முடித்துவிடலாம்.