வாசலுக்கு மேலே வர்ணக் கண்ணாடி

வர்ணக் கண்ணாடி என்று சொன்ன மாத்திரத்தில் நம்மில் அநேகருக்கு மாதா கோயில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சாந்தோம் பேராலயத்தில் பீடத்துக்குப் பின்னால் ஆண்டவரின் காயத்தைத் தொட்டு ஐயம் தீர்கிற தோமையாரையும், புதுச்சேரி இருதய ஆண்டவர் ஆலயத்து ஜன்னல்களில் நிற்கிற 28 புனிதர்களையும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் 1879ஆம் ஆண்டில் கட்டி முடிந்த சேப்பாக்கம் செனட் இல்லத்திலும், 1892இல் எழும்பிய சென்னை உயர்நீதிமன்றத்திலும், காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் சுற்றியுள்ள நகரத்தார் வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே அரைவட்டமாக அமைந்த பலகணிகளிலும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பதித்த கண்ணாடிகள் வெயிலை வாங்கித் தரையில் விரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இது தமிழர் இல்லத்துக்கு அந்நியமான கலையன்று. இடையில் நாம் கைவிட்ட கலை என்பதே என் அபிப்பிராயம்.

அதை மீண்டும் கைக்கொள்வதற்குப் படப்பையைப் போன்ற ஊர்களே மிகவும் தகுந்தவை. அங்கே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரு மருங்கிலும் நேற்றுவரை வயலாகக் கிடந்த நிலங்களில் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் வாசற்கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது. அதில் சொரசொரப்பான வெள்ளைக் கண்ணாடியோ கறுப்புப் படலமோ ஒட்டி, விஷயம் முடிந்ததென்று விட்டுவிடுகிறோம். ஒரகடத்தைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் ஆலை, உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடு தகடாகச் செய்து அனுப்புகிறது. கண்ணாடி பக்கத்தில் பிறக்கிறது, சூரியனோ வருஷம் முழுவதும் தாராளமாகக் கொடுக்கிறான். குறைவது நம்முடைய சிரத்தை ஒன்றுதான். ஓய்வு நேரத்தில் ஏதேனும் ஒரு கைத்தொழிலைப் பழக விரும்புகிறவர்கள், ஓர் அடி உயரமேயுள்ள அந்த வென்டிலேட்டரையே தங்கள் முதல் இலட்சியமாக வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, கண்ணாடியின்மேல் பெயிண்ட் பூசும் பெட்டியை வாங்கிவந்து, அதுவே இந்தக் கலையென்று நினைத்துவிடுவது. மெய்யான வர்ணக் கண்ணாடியில் நிறம் மேற்பூச்சன்று. கோபால்ட்டு நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், தங்கம் மாதுளைச் சிவப்பையும் உலையிலேயே கொடுத்துவிடுவதால், கண்ணாடி இருக்குமளவும் நிறமும் இருக்கும். அந்த நிறத் தகடுகளை வெட்டி, இசைத்து, ஒட்டி ஓர் உருவம் காண்பதே இதன் சாரம். ஆகையால் முதற்பாடம் வெட்டுவதே. அதுவும் வர்ணக் கண்ணாடியில் அன்று. கண்ணாடிக் கடைகளில் மூலையில் குவிந்து கிடக்கும் மூன்று மில்லிமீட்டர் சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைக் கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள். டஃபன்டு கண்ணாடி மாத்திரம் கூடாது. அதை வெட்ட முற்பட்டால் முழுத்தகடும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும்.

கட்டர் கண்ணாடியை அறுப்பதில்லை. அதன் சிறு சக்கரம் மேற்பரப்பில் ஒரு நுண்ணிய பிளவை உண்டாக்குகிறது. விரல்களால் இருபுறமும் பிடித்து மெல்ல வளைத்ததும் அந்தப் பிளவே வழிகாட்டியாகிக் கண்ணாடி இரண்டாகிறது. நம் கடைக்காரர்கள் கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக, ஒரே இழுப்பில் கோடு போடுவதைக் கவனித்துப் பார்த்தால், எந்தப் புத்தகமும் கற்பிக்காத பாடம் கிடைக்கும். போட்ட கோட்டின்மேல் மறுபடியும் இழுக்கலாகாது; அழுத்தம் அதிகமானால் விளிம்பு சிதறும், குறைந்தால் பிளவு வழிதவறும். நேர்கோடு கைவந்தபின் வெளிவளைவு, அதற்கும் பின்னரே உள்வளைவு என்கிற க்ரமத்தை மீறாமல், சில வாரங்கள் இந்த அப்பியாசத்தையே செய்யவேண்டும். முதற் சித்திரமாகப் பிள்ளையாரையோ மயிலையோ எடுத்துக்கொள்ளும் ஆசையை அடக்கி, நேர்கோடுகளாலான ஒரு நட்சத்திரக் கோலத்தை எடுத்துக்கொள்வது உத்தமம். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குச் செருப்பும் இல்லாமல் உட்காரவே வேண்டாம்.

துண்டுகளை இணைக்க இரு முறைகள் உண்டு. பழைய ஐரோப்பிய முறையில் காரீயப் பட்டைகளுக்கு இடையே கண்ணாடியைச் செருகுவார்கள். நியூயார்க்கில் லூயி கம்ஃபர்ட் டிஃபனி தம் விளக்குகளால் பிரசித்தமாக்கிய முறையிலோ, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்புத் தாளைச் சுற்றி, அவற்றைப் பற்றவைத்து ஒன்றாக்குவார்கள். சிறு வேலைக்குப் பின்னதே சுலபம். பற்றவைக்கும் கருவிக்கும் கம்பிக்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் போதும்; ஆனால் ரேடியோ பழுதுபார்க்கும் இருபத்தைந்து வாட் கருவி இதற்கு உதவாது, எண்பது அல்லது நூறு வாட் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்ட குடும்பங்களில் ஈயத்தைப் பற்றி அச்சம் கிடையாது; சொம்பில் இருக்கவேண்டியது வெள்ளீயம், அது வேறு. சாதாரணப் பற்றுக் கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம் இருக்கிறது. அது விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கக்கூடியது. ஆதலால் சமையலறையிலும் சாப்பாட்டு மேஜையிலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாகாது. காற்றோட்டமான இடத்தில் செய்து, முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேஜையை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காரீயமில்லாத கம்பியும் கிடைக்கிறது; விலை கூடுதலானாலும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதையே வாங்கவேண்டும் என்பதில் நான் சமரசத்துக்கு உடன்படமாட்டேன்.

வர்ணக் கண்ணாடிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, பழைய வீடுகளை இடிக்கும் இடங்களை முதலில் பாருங்கள் என்பேன். அங்கே ஜன்னல் சட்டத்து மரத்துக்கு விலை பேசுகிறவர்கள், அதில் பதிந்த நிறக் கண்ணாடியை உடைத்துச் செங்கற்குவியலில் கொட்டிவிடுகிறார்கள். இனி ஒருவராலும் அதே சாயலில் வார்க்க முடியாத தகடுகள் இவ்விதம் நாசமாவதைக் காண மனம் பொறுப்பதில்லை. வீட்டை விற்கிறவர்களும் இடிக்கிறவர்களும் அவற்றைச் சட்டத்தோடு கழற்றி ஒதுக்கிவைப்பதற்கு அரை நாள் உழைப்புக்கூடத் தேவையில்லை.

வேலை முடிந்த பலகையை வென்டிலேட்டரில் தனியாக நிறுத்தாமல், ஏற்கெனவே உள்ள வெள்ளைக் கண்ணாடிக்கு உட்புறமாக, சிறு மரச்சட்டத்தில் பொருத்திவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழைச்சாரல் செம்பையும் ஈயத்தையும் தொடாது. துடைக்கவேண்டிய சமயத்தில் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.