வீதத்தில் ஒளிந்த தரகு

இணையத்தில் கடை விரித்து அயல்நாட்டாருக்குச் சரக்கு விற்போரிடையே, அதிலும் காஞ்சிபுரத்துப் பட்டையும் கரூர்ப் படுக்கை விரிப்பையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் தம் சொந்த வலைத்தளத்தின் வாயிலாக அமெரிக்காவுக்கு அனுப்பும் சிறு வியாபாரிகளிடையே, ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்துக்குத் தாம் கொடுக்கும் கூலி கட்டணப் பட்டியலில் கண்ட சதவீதம் ஒன்றே என்பதும், டாலர் ரூபாயாக மாறும் வீதம் உலகச் சந்தை வகுப்பதாகையால் அதில் எவருடைய தரகுக்கும் இடமில்லை என்பதுமே அந்த அபிப்பிராயம். இது முற்றிலும் பிழையானது. உழைத்து விற்பவனுடைய லாபத்தில் கணிசமான பங்கை அவன் அறியாமலே கரைத்துவிடுவதனால் கண்டிக்கத் தக்கதும் ஆகும்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு சேலை 100 டாலருக்கு விற்கிறது. வங்கிகள் தமக்குள் டாலரைக் கைமாற்றிக்கொள்ளும் வீதம் அன்றைக்கு 85 ரூபாய் என்றும், வசூல் நிறுவனத்தின் கட்டணம் 4.4 சதவீதமும் 30 சென்டும் என்றும், மாற்று வீதத்தில் அது பிடித்துக்கொள்ளும் வட்டம் 3 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். இத்துறையில் இவை அபூர்வமான எண்கள் அல்ல. கட்டணம் போக நிற்பது 95.30 டாலர். அதை 85 ரூபாய் வீதத்தில் மாற்றாமல் 82.45 ரூபாய் வீதத்தில் மாற்றித் தருவதனால், வியாபாரியின் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 7,857 ரூபாய். 8,500 ரூபாயில் குறைந்துபோன 643 ரூபாயில், 400 ரூபாய் பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்த கட்டணம். மீதி 243 ரூபாயோ கட்டணம் என்ற பெயரே பெறாமல், வீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் ஒடுங்கிவிட்டது. கட்டணத்தின்மேல் விதிக்கப்படும் 18 சதவீத ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. நூற்றுக்குப் பதினைந்து லாபம் வைத்து விற்றவனுக்குக் கிடைக்க வேண்டிய 1,275 ரூபாயில் ஏறக்குறையப் பாதி, சரக்கு வீட்டைவிட்டுக் கிளம்பு முன்பே கழிந்துவிடுகிறது.

அந்தச் சேலையின் நிறம் பிடிக்கவில்லையென்று வாடிக்கையாளர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டால் சங்கதி இன்னும் மோசம். அவருக்கு 100 டாலரும் குறைவின்றித் திரும்பச் சேர வேண்டும். வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பது பெரிய நிறுவனங்கள் பலவற்றின் நிபந்தனையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரூபாயை மறுபடியும் டாலராக்கும்போது அதே 3 சதவீத வட்டம் இம்முறை எதிர்த்திசையில் ஏறி, டாலருக்கு 87.55 ரூபாய் ஆகிறது. கைக்கு வந்தது 7,857. கையை விட்டுப் போவது 8,755. தபால் செலவு நீங்கலாகவே 898 ரூபாய் நஷ்டம். இதில் சந்தை வீதம் ஒரு காசுகூட அசையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தையின் ஏற்ற இறக்கமே தம்மைக் கெடுத்தது என்று நம்பி மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வியாபாரிகள் எத்தனை பேரோ!

"சேவைக்குக் கூலி வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். திருட்டு அட்டையைக் கண்டறிவதற்கும், தகராறு எழுந்தால் விசாரிப்பதற்கும், கண்டம் கடந்து பணத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் செலவு உண்டு. அதற்குரிய கட்டணத்தைப் பகிரங்கமாகக் கேட்டு வாங்குவதில் நான் குறை காணவில்லை. ஆனால் எடைக்கூலி வாங்கியவன் தராசுத் தட்டிலும் விரலை வைப்பானாயின், அந்த விரலின் பாரத்தைச் சேவை என்று எவரும் ஏற்கமாட்டார்கள்.

போட்டி மிகுந்த துறையாதலால் கட்டணம் செலவுக்குத் தக்கபடியே அமையும் என்ற வாதமும் உண்டு. பிரிட்டனில் நடந்தது அதற்குச் சரியான பதில். அந்நாடு ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை, அட்டை வழங்கிய வங்கிக்கு வியாபாரியின் தரப்பிலிருந்து போய்ச் சேரும் தொகைக்கு, டெபிட் அட்டைக்கு 0.2, கிரெடிட் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று யூனியனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. பிரிட்டன் விலகியபின், ஐரோப்பிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் இணையக் கடையில் வாங்கும்போது பிடிக்கப்படும் தொகையை, 2021இல் விசாவும் மாஸ்டர்கார்டும் 1.15, 1.5 சதவீதங்களாக உயர்த்தின. அட்டையும் கடையும் கம்பியும் முன்போலவே இருந்தன. தடுத்து நின்ற சட்டம் ஒன்றுதான் விலகியது. கட்டணம் ஐந்து மடங்காகவும் அதற்கு மேலும் ஏறிற்று. இதனால் பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 15 கோடி முதல் 20 கோடி பவுன் வரை கூடுதல் செலவு என்று அந்நாட்டுப் பணம் செலுத்தும் முறைகளின் கட்டுப்பாட்டு ஆணையம் 2024 டிசம்பரில் கண்டறிந்து சொன்னது.

மாற்று வீதமும் மனிதர் வைக்கும் விலையே என்பதை மேல்நாட்டு நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் எப்போதோ உணர்ந்துவிட்டன. அட்டைகளின் நாணய மாற்றுக் கட்டணத்தைப் பற்றி அமெரிக்காவில் எழுந்த பெருவழக்கு, 2006இல் 33 கோடியே 60 லட்சம் டாலர் தருவதாகச் செய்துகொண்ட சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய யூனியனின் 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆதார வீதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கப்படுகிறது என்பதைத் தெரிவித்தே தீர வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயப்படுத்தியது. எனினும் அது அட்டையால் பணம் செலுத்துபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதேயன்றி, அந்தப் பணத்தைப் பெறும் சிறு கடைக்காரரை நினைந்து எழுதப்பட்டதன்று.

நம் நாட்டில் பெரிய ஏற்றுமதியாளர் தமக்கு வரும் டாலரை ஈஈஎஃப்சி என்னும் அந்நியச் செலாவணிக் கணக்கில் டாலராகவே வைத்திருந்து, அடுத்த மாத முடிவுக்குள் தமக்கு உகந்த நாளில், வங்கி அதிகாரியோடு பைசாக் கணக்கில் பேரம் பேசி மாற்றிக்கொள்கிறார். சேலை ஒன்றிரண்டாக விற்கும் நெசவாளி மகளுக்கு அந்த அவகாசமும் இல்லை, பேரமும் இல்லை. நிறுவனம் தானே மாற்றி, தானே வீதம் வைத்து, ரூபாயாகத்தான் கணக்கில் சேர்க்கிறது. ஏற்றத்தாழ்வு இங்கேதான் மிகக் கொடியதாக இருக்கிறது. தாங்க வலுவுள்ளவனுக்குக் குறைந்த வட்டம், வலுவற்றவளுக்கு நிறைந்த வட்டம்.

2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி எல்லை கடந்த பணவசூல் நிறுவனங்களைத் தன் நேரடி மேற்பார்வைக்குள் கொண்டுவந்து, ஒரு சரக்குக்கு 25 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பும் விதித்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு இன்னொன்றையும் அது செய்ய வேண்டும்: ஒவ்வொரு விற்பனைச் சீட்டிலும் அன்றைய ஆதார வீதம், நிறுவனம் கொடுத்த வீதம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரூபாயில் எவ்வளவு என்ற மூன்று வரிகளைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரையில் வியாபாரி வங்கிக்கு வந்த ரூபாயை, கட்டணம் கழித்து நின்ற டாலரால் வகுத்து, கிடைக்கும் எண்ணை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் காணும் அன்றைய ஆதார வீதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பார்த்து, அந்த வித்தியாசத்தைத் தம் கணக்குப் புத்தகத்தில் தரகு என்ற தலைப்பிலேயே எழுதி வைக்கட்டும்.