இயற்கை விஷமும் விஷம்தான் சாமி!

"செடியிலேர்ந்து எடுத்த மருந்துங்க, நல்ல பூச்சிய ஒண்ணும் பண்ணாது." மாடித்தோட்டம் போடுறவங்க கூடுற இடத்துலயெல்லாம் இந்த வசனம்தான். யாருங்க இதைக் கிளப்பி விட்டது?

புகையிலையை எடுத்துக்குங்க. அதிலிருக்கிற நிகோடின் பூச்சியோட நரம்பைத் தாக்குற விஷம். அசுவினிக்கு ஒரு நரம்பு, பொறிவண்டுக்கு வேற நரம்புன்னு அது பார்க்கிறதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்களுக்காக 2018ல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்ததே இமிடாகுளோபிரிட், அதுவும் இந்த நிகோடினோட ஒண்ணுவிட்ட தம்பிதான்! தம்பி வில்லன், அண்ணன் மட்டும் மகாத்மாவா? செவ்வந்தி இனப் பூவிலிருந்து வர்ற பைரெத்ரமும் அப்படித்தான். வெயிலில் சீக்கிரம் சிதைஞ்சிடும், வாஸ்தவம். ஆனா தெளிக்கிற நேரத்துல மேல பட்ட தேனீக்கும் பொறிவண்டுக்கும் அதனால என்ன லாபம்?

இதுல பெரிய கூத்து எங்கன்னா, அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிடும். அதைத் தின்கிற பொறிவண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி வரணும். ரெண்டையும் சேர்த்துக் கொன்னா முதல்ல திரும்பி வர்றது யார்? அசுவினிதான். அப்புறம் "மருந்து போதலை"ன்னு இன்னொரு ரவுண்டு கஷாயம்!

போதாக்குறைக்கு, பொறிவண்டோட புழு குட்டி முதலை மாதிரி கருப்பா, முள்ளு முள்ளா இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து அதுக்கும் ஒரு தெளி. காவல்காரனையே திருடன்னு அடிக்கிற கதை.

அப்ப வேம்பு? மத்ததைவிட எவ்வளவோ மேல். அசாடிராக்டின் பட்டதும் கொல்றதில்லை. தின்ன விடாது, தோலுரிக்க விடாது. ஆனா பொறிவண்டுப் புழுவும் தோலுரிச்சுதான் வளருது, ஞாபகம் இருக்கட்டும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறவெச்சு, வடிகட்டி ஒரு லிட்டராக்குங்க. கொஞ்சம் காதி சோப். சாயங்காலம், அசுவினி அப்பின கொழுந்துல, இலைக்கு அடியில மட்டும் அடிங்க. தோட்டம் பூரா குளிப்பாட்ட வேணாம்.

அதுக்கும் முன்னாடி, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுப் பாருங்க. எறும்பை விரட்டுங்க. தேன்கழிவுக்காக அசுவினிக்கு அடியாள் வேலை பார்த்து, பொறிவண்டைத் துரத்துறதே அதுதான்.

"இயற்கை"ங்கிறது மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் சொல்லும். யாரைக் கொல்லும்னு சொல்லாது. கையில தெளிப்பானை எடுக்கிறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருங்க மக்களே. அங்க புழு வேலை பார்த்துக்கிட்டிருந்தா, தெளிப்பானைக் கீழே வெச்சிடுங்க.