தப்பியதைத் தடுத்ததாகச் சொல்லாதீர்கள்

இந்தியாவிடமும் பாகிஸ்தானிடமும் அணுகுண்டு இருப்பதால்தான் பெரும்போர் மூளவில்லை என்று படித்தவர்களே அடித்துச் சொல்கிறார்கள். கேள்வி கேட்டால் தேசப்பற்று இல்லாதவன் என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். கட்டட்டும். இந்த நம்பிக்கை பொய், ஆபத்தான பொய்.

1998 மே மாதம் இந்தியாவின் பொக்ரானிலும் பாகிஸ்தானின் சாகாயிலும் சோதனைக் குண்டுகள் வெடித்தன. மறு வருடமே கார்கில் போர். நம் தரப்பில் மட்டும் 527 வீரர்கள் மாண்டார்கள். குண்டு இருந்ததால்தான் சண்டை கார்கிலோடு நின்றது என்பார்கள். அந்தக் குண்டு கொடுத்த துணிச்சலில்தானே பாகிஸ்தான் ராணுவம் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்தது? அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

இதைவிட என்னை உலுக்கியது 2022 மார்ச் 9. அன்று மாலை இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. எல்லை தாண்டியபின் அது பறந்தது நான்கு நிமிடம்கூட இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ரேடாராலும் சொல்ல முடியாது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. பாகிஸ்தான் திருப்பி அடிக்கவுமில்லை. நடந்தது விபத்து என்று இந்தியா பகிரங்கமாக ஒப்புக்கொண்டதோ இரண்டு நாள் கழித்து. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

எல்லை அமைதியாக இருந்த நாள் அது. இதே ஏவுகணை 2019 பிப்ரவரியில், பாகிஸ்தானின் பாலகோட்டில் இந்தியா நடத்திய விமானத் தாக்குதலுக்கு மறுநாள் கிளம்பியிருந்தால்? 2025 மே மாதம் இரு நாடுகளும் மோதிய சண்டையின் நடுவே கிளம்பியிருந்தால்? எதிரி பயந்து ஒதுங்குவான் என்ற கோட்பாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பயம் எதிரியின் முடிவைத்தான் மாற்றும். யாரும் முடிவெடுக்காமலே கிளம்பிவிட்ட ஏவுகணையை எது மாற்றும்?

உருப்படியாகக் காப்பாற்றுபவை சலிப்பூட்டும் காகிதங்கள்தாம். அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்ற 1988 ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் அவற்றின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க 2005இல் போட்ட ஒப்பந்தமோ பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். பிரமோஸ் போன்ற குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. அவற்றையும் சேர்க்க வேண்டும். தவறிக் கிளம்பினால் அந்த நிமிடமே எதிர்த்தரப்புக்குச் சொல்லும் கடமையையும் எழுதிச் சேர்க்க வேண்டும். குண்டு காக்கும் என்று மேடையில் முழங்குகிற ஒவ்வொரு கட்சியிடமும் இந்த இரண்டையும் கேளுங்கள்.